சாட்சி: ஒரு சொல்லின் பெயர்ச்சி

பண்டிதை இரமாபாய் (1858–1922) 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தம் மனமாற்ற வரலாற்றின் தலைப்பைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? 'வாக்குமூலம்' நீதிமன்ற வாடை உடையது. 'சான்று' ஆவணத்தையும் சுட்டும். தமிழ்த் திருச்சபைகளில் வழங்கும் 'சாட்சி'யே பொருந்துவது. ஆயினும் அச்சொல்லும் பொருள் பெயர்ந்ததே.

வடமொழி 'சாக்ஷி'யின் தமிழ் வடிவமாகிய இதற்குக் கண்ணாரக் கண்டவர் என்பது அடிப்பொருள். வழக்குமன்றத்தில் சாட்சி பெரும்பாலும் பிறர் செயலைக் கூறுபவர். வேதாந்தத்திலோ எதிலும் தோயாது காண்பது சாட்சி. 'சாட்சி சொல்லுதல்' என்னும் சபை வழக்கில் கண்டவரும் பட்டவரும் ஒருவரே. கிரேக்க 'மார்த்துஸ்' வழக்குமன்றச் சாட்சியைக் குறித்துப் பின்னர்ச் சமயத்திற்காக உயிர்துறந்தவரையும் குறிக்கலாயிற்று. தமிழ் அப்பிற்பொருளுக்கு 'இரத்தசாட்சி', 'வேதசாட்சி' எனத் தனித்தொகைகளை ஆக்கிக்கொண்டது மொழிபெயர்ப்பாளருக்கு வாய்த்த நற்பேறு எனலாம்.

இரமாபாய் 1883இல் இங்கிலாந்தின் வாண்டேஜில் திருமுழுக்குப் பெற்றார். சபைப் பதிவேட்டின்படி அவரது மாற்றம் அன்றே நிறைவுற்றது. அவர் நூல் அவ்வாறு கூறவில்லை. தாம் அடைந்தது கிறிஸ்தவ சமயத்தையே, கிறிஸ்துவை அன்று என ஏறத்தாழ எட்டாண்டுகள் கழித்தே உணர்ந்ததாக அதில் எழுதுகிறார். பதிவேடு காணாத அவ்விடைவெளியைக் கண்டவர் அவர் ஒருவரே. இதனைச் 'சான்று' எனப் பெயர்ப்பின் பதிவேடும் நூலும் ஒருதரத்தனவாகிவிடும். சான்றைப் பிறிதொரு சான்றுகொண்டு மறுக்கலாம். இத்தகைய சாட்சிக்குச் சொல்பவரின் நேர்மையன்றி வேறு பிணை இல்லை. வடமொழியில் பெரும்புலமை பெற்றிருந்த இரமாபாய், பின்னாளில் எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து விவிலியத்தை மராத்தியில் பெயர்த்தபோது, எளிய பெண்களும் உணரத்தக்க நடையையே தேர்ந்துகொண்டார்.