அடங்காத பிள்ளையும் ஆலயமும்: ஒரு நீண்ட விலக்கலின் வரலாறு

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய துறவு மடச் சட்டத்தின் 30ஆம் அதிகாரம் சிறுவர்களைத் திருத்துவது பற்றியது. தவறு செய்த பெரிய துறவியைச் சபையிலிருந்து ஒதுக்கி வைப்பது அங்கே வழக்கம். அந்தத் தண்டனையின் கனம் புரியாத சிறுவர்களைக் கடும் நோன்பாலோ பிரம்பாலோ வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது இந்த அதிகாரம். ஜெபக்கூடத்தில் சங்கீதத்தைத் தவறாகச் சொன்ன பெரியவர் எல்லார் முன்னும் பணிந்து நின்றால் போதும். அதே தவறுக்குச் சிறுவனுக்கு அடி என்கிறது 45ஆம் அதிகாரம். இதை எழுதியவர் இரக்கமற்றவர் அல்லர். இதே சட்டத்தின் 37ஆம் அதிகாரம் முதியோருக்கும் சிறுவருக்கும் உணவு நேரத்தில் சலுகை தருகிறது. சிறுவனின் பசிக்கு இளகிய மனம், வழிபாட்டில் அவன் செய்த பிசகுக்கு இளகவில்லை.

பின்வந்த நூற்றாண்டுகள் முழுவதும் இந்த முரண் தொடர்கிறது. உடலின் பலவீனத்துக்குத் திருச்சபை சீக்கிரமே இடம் விட்டது; நடத்தைக்கு மிகத் தாமதமாகத்தான் விட்டது, இன்னும் முழுமையாக விடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரம்பைக் கேள்வி கேட்ட குரல் துறவு மடத்துக்குள்ளிருந்தே எழுந்தது. 11ஆம் நூற்றாண்டில் நார்மண்டியின் பெக் மடத்தில் இருந்த புனித ஆன்செல்மிடம் வேறொரு மடாதிபதி வந்து, தம் மடத்தில் வளரும் சிறுவர்களை இரவும் பகலும் அடித்தும் அவர்கள் மோசமாகிக்கொண்டே போகிறார்கள் என்று புலம்பினார். ஆன்செல்மின் வரலாற்றை எழுதிய ஈட்மர் இந்த உரையாடலை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். ஒரு கன்றை நட்டு, கிளை விரிக்க வழியில்லாமல் நாலாபுறமும் அடைத்து வைத்துவிட்டுச் சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால் அந்த மரம் எப்படி இருக்கும் என்று ஆன்செல்ம் கேட்கிறார். கோணல் மாணலாக இருக்கும் என்கிறார் மடாதிபதி. குற்றம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. சிறுவனின் நடத்தைக்குக் காரணத்தை அவனைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில் தேடிய மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. ஆனால் இந்தப் பார்வை பரவலான வழக்கமாக மாறவில்லை.

17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் பியூரிட்டன் சபைகள் பையன்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி இடத்தில் உட்காரவைத்தன. பல மணி நேரம் நீளும் பிரசங்கத்தின்போது அவர்களைக் கண்காணிக்க நீண்ட கோலுடன் ஓர் அலுவலர் இருந்தார். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியில் ஒரு முன்னேற்றம் தெரிகிறது. வாரம் முழுதும் வேலைக்குப் போய், ஞாயிறன்று தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளை அவர் தேடிப் போனார். என்றாலும் குற்றத்தைத் தடுப்பதும் ஒழுங்கைப் பழக்குவதுமே அவருடைய நோக்கமாக இருந்தது. பிள்ளை மாறிய பிறகே ஆலயத்தில் அவனுக்கு இடம் என்ற எண்ணம் அசையவில்லை.

அதை அசைத்தவர் துரின் நகரத்து ஜான் போஸ்கோ. 1841 டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள். அசிசி பிரான்சிஸ் ஆலயத்தில் பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த இளங்குருவின் கண்முன்னே, பூசைக்கு உதவி செய்யத் தெரியாது என்று சொன்ன ஒரு பையனைக் கோவில்பிள்ளை அடித்து விரட்டினார். பையன் பெயர் பர்த்தொலொமேயோ கரெல்லி. தாய் தந்தை இல்லாத கட்டடத் தொழிலாளி. போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்து, அவன் தம் நண்பன் என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பையனிடம் அவன் சொல்லக்கூடிய பதில் கிடைக்கும்வரை கேள்வி கேட்டு, சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்பதுவரை போய், அவன் முகத்தில் சிரிப்பு வந்த பிறகே சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தார். இவை போஸ்கோ பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுக் குறிப்புகளில் வருபவை. அந்தத் தூரத்தை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

அதன்பின் நடந்ததுதான் நம் ஆய்வுக்கு முக்கியம். கூட்டம் பெருகப் பெருக, அந்தப் பையன்களை எந்த இடமும் பொறுக்கவில்லை. 1845இல் ஒரு கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் கூடியபோது சத்தம் தாங்கவில்லை என்று உடனே புகார் போனது. தோரா ஆற்றங்கரை மாவு ஆலைகளின் அருகே மாறினார்கள். ஆலைக்காரர்கள் புகார் செய்தார்கள். வாடகை அறைகள், பிறகு வெட்டவெளி மைதானம். 1846 ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா அன்றுதான் வால்தொக்கோவில் பினார்தி என்பவரின் தாழ்ந்த கொட்டகை நிலைத்தது. ஆலயமும் விளையாட்டுத் திடலும் ஒரே வளாகத்தில் அமைந்தன. பையன்களை அடக்கி ஆலயத்துக்கு ஏற்றவர்களாக்குவதற்குப் பதிலாக, பையன்களுக்கு ஏற்ற இடத்தை அவர் தேடி அமைத்தார். 1877இல் அவர் எழுதிய தடுப்பு முறைக் கல்வி பற்றிய சிறு நூல், அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றின்மேல் நிற்கிறது. தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்குமுன் பெரியவர் உடன் இருப்பதே அதன் வழி. 1906இல் சலேசிய குருக்கள் தஞ்சாவூருக்கு வந்தபோது இந்த முறையும் தமிழ்நாட்டுக்கு வந்தது.

ஆனால் போஸ்கோவின் பையன்கள் ஏழ்மையால் முரடானவர்கள். மூளை வளர்ச்சியின் வேறுபாட்டால் அமைதியாக இருக்க முடியாத பிள்ளையைப் பற்றிய அறிவு அப்போது இல்லை. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில், அறிவில் குறைவில்லாமலே தன்னைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் முன் உரையாற்றினார். 1943இல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்தார். தொடர்ந்து வந்தது ஒரு கொடுமை: பிள்ளையின் நிலைக்குத் தாயின் அன்பற்ற வளர்ப்பே காரணம் என்ற கருத்தைப் புரூனோ பெத்தல்ஹைம் போன்றவர்கள் பரப்பினர். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் அதை மறுத்தார். மருத்துவம் கைவிட்ட அந்தக் கருத்து ஆலய பெஞ்சுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கத்தும் பிள்ளையைப் பார்க்காமல் அதன் தாயைத் திரும்பிப் பார்க்கும் பார்வையில் அது தெரியும்.

பிரான்சில் அறிவு வளர்ச்சிக் குறையுள்ள இரு மகன்களுடன் லூர்து நகர் சென்ற ஒரு குடும்பத்தை, மற்ற பயணிகளுக்கு இடைஞ்சல் என்று தங்கும் விடுதியில் அறையிலேயே சாப்பிட வைத்தார்கள். அந்த வலிக்குப் பதிலாக மரி-எலன் மத்தியூவும் ஜான் வனியேயும் 1971 உயிர்ப்புத் திருநாளுக்கு லூர்துக்கு ஒரு திருப்பயணம் நடத்தினார்கள். ஏறத்தாழ 12,000 பேர் வந்தார்கள். நம்பிக்கையும் ஒளியும் என்ற உலக இயக்கம் அதிலிருந்து பிறந்தது. வனியே பெண்கள் பலரிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் என்பதை அவர் நிறுவிய ஆர்ஷ் அமைப்பே 2020இல் வெளியிட்டது. இந்த வரலாற்றில் அதை மறைக்க முடியாது. அவர் பெயருக்காக அந்தக் குடும்பங்களின் உழைப்பைத் தள்ளிவிடவும் கூடாது.

அமெரிக்க ஆயர்கள் 1978இல் மாற்றுத்திறனாளிகள் குறித்து மேய்ப்புப்பணி அறிக்கை வெளியிட்டனர். 1995இல் வந்த வழிகாட்டுதல் நற்கருணை பற்றியது. சாதாரண உணவிலிருந்து நற்கருணையை வேறுபடுத்தி அறிந்தால் போதும். அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை, சைகையாலோ பணிவான அமைதியாலோ காட்டலாம் என்றது. மறைக்கல்வித் தேர்வில் பதில் சொல்ல முடியாததால் புதுநன்மை மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். ஆனால் சட்டத்தின் வற்புறுத்தல் இல்லை. 1990இன் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பள்ளிக்கும் கடைக்கும் விதித்த கடமையிலிருந்து சமய அமைப்புகளுக்கு விலக்கு அளித்தது. 2008இல் மின்னசோட்டாவின் ஒரு கிராமப்புறப் பங்கு, ஆட்டிசம் உள்ள 13 வயதுச் சிறுவன் பூசைக்கு வராமலிருக்க நீதிமன்றத் தடை ஆணையே வாங்கியது. மற்றவர்களின் பாதுகாப்பு என்பது பங்கின் வாதம். நிலைமையைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்றது குடும்பம். பாதுகாப்பு பற்றிய அச்சம் வெறும் சாக்கு அல்ல. வளர்ந்த பையன் வேகமாக ஓடினால் முதியவர் விழக்கூடும். தடை ஆணை ஒன்றே அதற்குத் தீர்வு என்று முடிவெடுத்ததுதான் பிழை.

வேறு தீர்வுகள் அப்போதே தெரிந்திருந்தன. 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் நடத்திய சிறு ஆய்வு, வகுப்பில் முரண்டு பிடித்த பிள்ளைகளுக்கு உதவியோ கவனமோ கேட்கும் வழியைக் கற்றுக்கொடுத்தபோது முரண்டு குறைந்ததைக் காட்டியது. மிச்சிகனில் பார்பரா நியூமன் போன்றவர்கள் அத்தகைய அறிவைச் சபைக்குள் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் கையில் படங்கள் ஒட்டிய ஓர் அட்டை: பாட்டு, வாசகம், பிரசங்கம், காணிக்கை, வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தை அவன் உரித்து எடுக்கிறான். இன்னும் எவ்வளவு நேரம் என்பது அவனுக்குத் தெரிகிறது. மணியும் ஒலிபெருக்கியும் காதைத் துளைக்காமலிருக்க ஒரு காதுமூடி, வாசலருகே நிரந்தர இருக்கை, உடன் ஒரு பழகிய பெரியவர். போஸ்கோ சொன்ன உடனிருப்பு இங்கே ஒரு பயிற்சியாக மாறியிருக்கிறது.

ஆனாலும் 2018இல் சமூகவியலாளர் ஆண்ட்ரூ வைட்ஹெட் வெளியிட்ட ஆய்வு கலங்க வைக்கிறது. அமெரிக்கத் தேசியக் குழந்தை நல ஆய்வுத் தரவுகளின்படி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வழிபாட்டுக்கே போகாமலிருக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு. நடத்தைக் கோளாறும் மனச்சோர்வும் உள்ளவர்களிடமும் அந்த வாய்ப்பு கூடுதல். ஆஸ்துமாவோ நீரிழிவோ பார்வைக் குறையோ உள்ள பிள்ளைகளிடம் அத்தகைய வேறுபாடு இல்லை. ஆசீர்வாதப்பரின் 37ஆம் அதிகாரத்துக்கும் 45ஆம் அதிகாரத்துக்கும் இடையிலிருந்த இடைவெளி இன்னும் மூடவில்லை.

நம் பங்குகளிலும் சபைகளிலும் இதை அளக்கப் பெரிய நிதி தேவையில்லை. ஒவ்வோர் ஆலயத்திலும் ஞானஸ்நானப் பதிவேடும் புதுநன்மை அல்லது திடப்படுத்தல் பதிவேடும் இருக்கின்றன. முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத பெயர்களைக் குறித்து, ஊர் மாறியவர்களையும் இறந்தவர்களையும் கழித்து, மீதி வீடுகளுக்குப் பங்குத்தந்தையோ சபைப் போதகரோ நேரில் போகட்டும். பிள்ளை ஏன் வரவில்லை என்பதைத் தாயிடமே கேட்கட்டும். கேட்ட பதில்களை எழுதிவைத்தால், இந்த வரலாற்றின் தமிழ்ப் பகுதியை எழுத ஆய்வாளர்களுக்கு முதல் ஆவணம் கிடைக்கும்.