எலியிலிருந்து மனிதருக்கு: எட்டாம் உறைவுக் காரணி மரபணு மீட்பின் வரலாறு
ஹீமோஃபீலியா 'ஏ' நோய்க்கான மரபணு மீட்பாய்வு சுண்டெலியில் தொடங்கி வேலூரை எட்டியது. 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எட்டாம் உறைவுக் காரணியின் மரபணுவைச் சுண்டெலிகளில் செயலிழக்கச் செய்தனர். நோயை ஒத்த நிலை அவற்றில் தோன்றியது. அத்தகைய எலிகளின் குருதிக் குருத்தணுக்களில், செயல்படும் மரபணுப் படியை லென்டிவைரஸ் கடத்தி வழியே எமரி பல்கலைக்கழகக் குழுவினர் சேர்த்தபோது காரணி மீண்டும் உருவாயிற்று. இம்முறை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாக மனிதரிடம் சோதிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி, சிகிச்சை பெற்ற ஐவருக்கும் கண்காணிப்புக் காலத்தில் குருதிப்போக்கு ஏற்படவில்லை. எனினும், ஈராண்டளவே வாழும் சுண்டெலி, மீட்பின் நிலைபேற்றுக்குச் சான்றாகாது. அதனை மனிதரின் நெடுங்காலக் கண்காணிப்பே நிறுவ இயலும். தொடர் ஊசிக்காக மலையிறங்க வேண்டிய ஏற்காட்டு நோயாளிக்கு அந்நிலைபேறே முதன்மையானது.