கங்காரு வாலும் மூன்று இழையும்

ஆட்டுக்கால் சூப் மிச்சமானதை ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் அது சூப்பாக இருக்காது, கரண்டி பட்டால் ஆடுகிற கட்டியாகக் கிடக்கும். அடுப்பில் ஏற்றினால் மறுபடி தண்ணி. முதலாண்டு உயிரியல் மாணவர்களுக்குப் புரதம் நடத்தும்போது நாம் முட்டை வெள்ளைக்கருவோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்தச் சூப்பையும் சேர்த்துக்கணும்னு எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். ஏன்னா, அதில் இருக்கிற புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்த கதையில் பெரும்பகுதி சென்னையில் நடந்தது. அதுவும் உயிரியல் துறையில் இல்லை, இயற்பியல் துறையில்.

புரதத்தின் பெயர் கொலாஜன். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பது அதுதான். பாலூட்டி உடலில் இதைவிட அதிகமாக உள்ள புரதம் வேறு இல்லை.

1952-ல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது வயது 30 கூட நிறைந்திருக்குமா என்பது சந்தேகம். பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் போய் வந்தவர். எக்ஸ் கதிர்ப் படிகவியல் தெரியும், எதில் கை வைப்பது என்பதுதான் கேள்வி. அந்தச் சமயம் சென்னை வந்த ஜே.டி. பெர்னால், கொலாஜனுக்கு இதுவரை சொன்ன அமைப்பு எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பக்கத்தில் அடையாறிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து கிடைத்தது ஒரு கங்காரு வால் தசைநாண். அதில் இழைகள் சீராக ஒரே திசையில் ஓடுவதால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழும்.

படத்தோடு இன்னொரு துப்பும் இருந்தது. கொலாஜனைப் பிரித்து எடை போட்ட வேதியியலாளர்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கிளைசின் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அமினோ அமிலங்களில் ஆகச் சின்னது கிளைசின்தான். மற்றவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிளை தொங்கும், இதற்கு அந்த இடத்தில் வெறும் ஒரு ஹைட்ரஜன். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட விடை: மூன்று சங்கிலிகள் சேர்ந்த ஒரு கட்டு. ஒவ்வொரு மூன்றாவது இடமும் கட்டின் நடுவைப் பார்க்கிறது. நடுவில் இடமே இல்லை. கிளைசினைத் தவிர எதுவும் அங்கே உட்கார முடியாது. அடுத்த ஆண்டு அந்தச் சங்கிலிகளைக் கயிறு முறுக்குவதுபோல ஒன்றையொன்று சுற்ற வைத்துத் திருத்தினார்கள். சூப் கொதிக்கும்போது பிரிவது இந்த முறுக்குதான். ஆறும்போது அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு தண்ணீரைச் சிறைப்பிடிக்கிறது.

1955-லேயே பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் எதிர்ப்புச் சொன்னார்கள். மூன்று சங்கிலி சரி, ஆனால் சென்னை மாதிரியில் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன. அப்படி வைத்தால் சில அணுக்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஒரு பிணைப்புதான் சாத்தியம் என்றார்கள். இந்த இடத்தை நம் ஊர்க் கட்டுரைகள் ‘வெள்ளைக்காரன் பறித்துக்கொண்டான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பிணைப்புக் கணக்கில் கிரிக் பக்கம்தான் சரி. 1994-ல் வந்த நுணுக்கமான படிக அமைப்பும் ஒன்று என்றே காட்டியது. மூன்று இழை என்ற அடிப்படை எண்ணம் சென்னையுடையது, அதையும் யாரும் மறுக்க முடியாது.

ராமச்சந்திரன் அந்த அடிக்குப் பிறகு செய்ததுதான் விஷயம். முட்டுகிறது என்கிறீர்களே, எவ்வளவு நெருங்கினால் முட்டல்? அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் எடுத்து, பிணைப்பில்லாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று சசிசேகரனோடு அட்டவணை போட்டார். இரண்டு கார்பன்களுக்கு வழக்கமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், நெருக்கினால் 3.0. ஹைட்ரஜன்களுக்கு 2.0, நெருக்கினால் 1.9.

அடுத்தது ஒரு எளிய பார்வை. பெப்டைடு பிணைப்பு திரும்பாது, தட்டையான தகடு மாதிரி. ஒரு தகட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு கார்பன், அதன் இரண்டு பக்கமும் கீல். ஆக ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் இரண்டே கோணங்கள், ஃபையும் சையும். ஒன்றைக் குறுக்கே, ஒன்றை நெடுக்கே வைத்து, எங்கெல்லாம் அணு முட்டுகிறதோ அங்கெல்லாம் அடித்துவிட்டால் கட்டத்தின் பெரும்பகுதி காலி. மிஞ்சுகிற சில தீவுகளில்தான் புரதங்கள் வாழ்கின்றன. சி. ராமகிருஷ்ணனும் சேர்ந்து மூவராக 1963-ல் வெளியிட்டார்கள். இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பை வெளியிடுபவர் அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறார்.

அந்த வரைபடத்தில் கிளைசினுக்கு மட்டும் தனிப் படம் போடுவார்கள். முட்டுவதற்குக் கிளை இல்லாததால் அதன் தீவுகள் பெரிசு, மற்றவை போகாத இடத்துக்கும் போகும். கொலாஜனில் அந்தக் கிளைசின் ஒன்றின் இடத்தில், மரபணுப் பிழையால், வேறு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தால் முறுக்கு அங்கே சரியாக விழாது. லேசாக விழுந்தாலே எலும்பு முறிகிற குழந்தைகள் பலருக்கு நோயின் மூலம் இந்த ஓரிடம்தான்.