ஓடும், ஆனால் பொறுப்பில்லை

பள்ளிக்கூடத்து ஐ.சி.டி. புத்தகத்தில் பணிசெயல் முறைமை ஒரு பாடம், தரவுத்தளம் இன்னொரு பாடம். ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது என்பது போலத்தான் இரண்டையும் படித்து முடிக்கிறோம். ஆனால் ஒரே கம்பனி செய்த பணிசெயல் முறைமையும் தரவுத்தளமும் ஒன்றையொன்று கைவிட்ட கதை ஒன்று இருக்கு.

எஸ்.கியூ.எல். சேர்வர் மைக்ரோசொஃப்ட் தனியாகப் பெற்ற பிள்ளை இல்லை. சைபேஸ் என்ற கம்பனியோடு சேர்ந்து 1989இல் ஓ.எஸ்/2 என்ற முறைமைக்காக வெளியிட்டது. 1993இல் விண்டோஸ் என்.டி. வந்ததும் அதற்கென்றே ஒரு பதிப்பு வந்தது. கொஞ்சக் காலத்தில் சைபேஸோடு உறவு முறிந்தது. 1998இல் வந்த 7.0 பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்டது. அதன் தொடர்ச்சிதான் எஸ்.கியூ.எல். சேர்வர் 2000. விலை பெரிய கம்பனிகளின் தரவுத்தளங்களை விடக் குறைவு, பழகவும் சுகம். கணக்கு, சம்பளம், களஞ்சியம் எண்டு சின்னச் சின்ன நிறுவனங்களின் மென்பொருள்கள் எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தன.

2008 பெப்ரவரியில் விண்டோஸ் சேர்வர் 2008 வெளியானது. அதில் எஸ்.கியூ.எல். சேர்வர் 2000ஐ ஓட்டுவதற்கு ஆதரவு இல்லை என்று மைக்ரோசொஃப்ட் சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவெண்டால், அதே தரவுத்தளத்துக்கு 2013 ஏப்ரல் 9 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அதே கம்பனிதான் வாக்குக் கொடுத்திருந்தது. அதாவது பழைய வீட்டில் இருந்தால் இன்னும் ஐந்து வருசம் பார்த்துக்கொள்வோம், புது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் எங்களைக் கேட்காதீர்கள்.

'ஆதரவு இல்லை' என்றால் 'ஓடாது' என்று அர்த்தமில்லை. இந்த வித்தியாசம் புரிந்தால் கதையில் பாதி புரிந்த மாதிரி. புது முறைமையில் பின்னணியில் ஓடும் சேவைகள் பாவனையாளரின் திரையிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தன. நிர்வாகியாக உள்ளே போனாலும் முக்கியமான வேலைகளுக்கு அனுமதி கேட்டது. நிர்வாகி எதையும் செய்யலாம் என்ற காலத்தில் எழுதின மென்பொருளுக்கு இதெல்லாம் புதுசு. ஆனாலும் எச்சரிக்கைகளைத் தாண்டி நிறுவி ஓட்டினவர்கள் இருந்தார்கள். ஓடியது. பிழைத்தால் பொறுப்பு ஓட்டினவருடையது, அவ்வளவுதான்.

சரி, புதுப் பதிப்புக்கு மாறினால் என்ன? தரவை மாற்றுவது பெரிய விசயமில்லை. அதன் மேல் இருக்கிற நிரல்தான் பிரச்சினை. ஒரு உதாரணம்: இரண்டு அட்டவணைகளை இணைக்க நட்சத்திரக் குறியையும் சமன் குறியையும் சேர்த்து எழுதும் பழைய முறை ஒன்று இருந்தது. 2005ஆம் ஆண்டுப் பதிப்பு அதை ஏற்கவில்லை. அப்படி நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதிவிட்டு வேலையை விட்டுப் போனவரை எங்கே தேடுவது? இதற்குத்தான் இணக்க நிலை என்ற ஏற்பாடு வந்தது. தரவுத்தளத்துக்கு 80 என்ற எண்ணைக் கொடுத்தால், புது இயந்திரம் 2000 மாதிரி நடந்துகொள்ளும். 2008ஆம் ஆண்டுப் பதிப்பு வரைக்கும் இந்த நடிப்பு நடந்தது. 2012 பதிப்பு 80ஐத் தூக்கிவிட்டது. 2000இல் எடுத்த காப்புப் பிரதியை நேரே 2012இல் மீட்க முடியாது. இடையில் 2008இலோ 2005இலோ ஏற்றி இறக்கித்தான் போக வேண்டும்.

ஐ.பி.எம். வேறு வழியில் போனது. அப்பலோ விண்கலத்தின் பாகங்களைக் கணக்கு வைக்க உருவான அவர்களுடைய ஐ.எம்.எஸ். தரவுத்தளம் 1968இல் ஓடத் தொடங்கி இன்றும் விற்பனையில் இருக்கு. அங்கே தரவுத்தளம் புதுசாகிக்கொண்டே போகும், மேலே இருக்கிற பழைய நிரலைக் குழப்பாமல். அந்த நிம்மதிக்கு மெயின்ஃபிரேம் விலை கொடுக்க வேண்டும். சின்னக் கம்பனிகளால் கனவிலும் முடியாது.

பழசு பேசாமல் ஓடினால் யாருக்கு என்ன நட்டம் எண்டு கேட்கலாம். 2003 ஜனவரி 25ஐப் பாருங்கோ. ஸ்லாமர் என்ற புழு, வெறும் 376 பைட், எஸ்.கியூ.எல். சேர்வர் 2000இன் ஒரு ஓட்டைக்குள்ளால் நுழைந்தது. தொடக்கத்தில் 8.5 செக்கனுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, பத்து நிமிடத்தில் அகப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000. தென்கொரியாவில் இணையம் படுத்தது. பாங்க் ஒஃப் அமெரிக்காவின் 13,000 ஏ.டி.எம். இயந்திரங்களில் பெரும்பாலானவை சில மணித்தியாலம் காசு கொடுக்கவில்லை. ஒஹையோவின் டேவிஸ்-பெஸி அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட முடங்கியது; நல்லகாலம், உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தமோ 2002 ஜூலையிலேயே வந்திருந்தது. பலருக்குத் தங்களிடம் தரவுத்தளம் இருப்பதே தெரியாது. வேறு மென்பொருள்களோடு அதன் சிறிய பதிப்பு ஒளித்திருந்து வந்திருந்தது.

அது திருத்தம் கையில் இருந்த காலத்துக் கதை. 2013 ஏப்ரலுக்குப் பிறகு 2000க்குத் திருத்தமே இல்லை.

அப்படியும் பழசு சாகவில்லை. 2000ஐ வாசலில் நிறுத்திய அதே விண்டோஸ் சேர்வர் 2008, சில மாதத்தில் ஹைப்பர்-வி என்ற மெய்நிகர் இயந்திர வசதியையும் கொண்டுவந்தது. புதுச் சேர்வருக்குள் ஒரு பொய்க் கணினி, அதற்குள் விண்டோஸ் சேர்வர் 2003, அதற்குள் எஸ்.கியூ.எல். சேர்வர் 2000. தரவுத்தளத்துக்குத் தான் இடம் மாறினதே தெரியாது. என்னைக் கேட்டால், பழைய நிரலை விட முடியாத சின்ன நிறுவனங்களுக்குக் கிடைத்த நேர்மையான தீர்வு இது மட்டும்தான். ஆனால் வீட்டைத் தூக்கும்போது ஓட்டைகளும் சேர்ந்து வரும். 2015 ஜூலை 14இல் சேர்வர் 2003க்கும் ஆதரவு முடிந்தபோது உள்ளே இருந்த இரண்டுமே அநாதை.

அடுத்த தலைமுறைக்கு வரும்போது மைக்ரோசொஃப்ட் வேறு கணக்குப் போட்டது. 2019 ஜூலை 9இல் எஸ்.கியூ.எல். சேர்வர் 2008க்கு ஆதரவு முடிந்தது. இன்னும் மூன்று வருசம் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமானால், சொந்தச் சேர்வரில் வைத்திருந்தவர் காசு கட்ட வேண்டியிருந்தது. பழைய தரவுத்தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு அவர்களுடைய அஷூர் மேகத்துக்கு வந்தவர்களுக்கு அது இலவசமாக இருந்தது.