வெயிலும் ஓசையும் புகாத கதவு

ஆரணி என்றவுடன் நேயர்களுக்குப் பட்டு நினைவுக்கு வரும். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த அவ்வூரின் நெசவாளர் மரபில் வந்தவன் நான். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பட்டன்று, கதவு. வெயிலையும் ஓசையையும் தடுக்கும் கதவை மனிதன் படிப்படியாகக் கண்டடைந்த வரலாற்றையே சொல்ல விரும்புகிறேன்.

பட்டுக்கும் கதவுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. பட்டு இழை வறண்ட காற்றைத் தாங்காது. உலர்ந்தால் எளிதில் அறும். ஆகையால் எங்கள் முன்னோர் தரையில் குழி வெட்டித் தறியை அமைத்தனர். மண்ணின் ஈரம் பாவைக் காத்தது. கோடைக்காற்று வீசும் வேளையில் வாசற்கதவைச் சாத்தினர். அனல் உள்ளே வரவில்லை. ஆனால் மிதிபலகையின் ஓசையும் நாடா ஓடும் ஓசையும் தெருக்கோடி வரை கேட்டன. வெயிலை நிறுத்திய கதவு ஓசையை நிறுத்தவில்லை. ஏன்? இவ்வினாவுக்கு விடை காண உலகம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது.

முதலில் வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆரணிக்கு அருகில் களம்பூரில் அமைந்த இருப்புப்பாதை நிலையத்திற்கு ஆரணி ரோடு என்று பெயர். அந்நாளில் மக்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டுதான் அங்கே சென்றனர். வளைத்த மூங்கிலின்மேல் பாய் வேய்ந்து, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரிப்பார்கள். வைக்கோலின் சிறப்பு வைக்கோலில் இல்லை. அதன் இடுக்குகளில் சிறைப்பட்ட காற்றில் இருக்கிறது. அசையாத காற்றைவிட இரும்பு ஆயிரம் மடங்குக்கும் மேல் எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. இந்தக் கணக்கை வண்டிக்காரர் அறியார், பயனை அறிந்திருந்தார்.

இதே உண்மையைக் கொண்டு பெரும்பொருள் ஈட்டினார் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, வெப்ப நாடுகளில் விற்க முனைந்தார் அவர். பலர் நகைத்தனர். 1833-இல் அவருடைய பனிக்கட்டியைச் சுமந்து ‘டஸ்கனி’ என்னும் கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஏற்றியது 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்திற்குப் பின் எஞ்சியது ஏறத்தாழ 100 டன்! சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அவ்வணிகத்தின் சின்னமே. 1897-இல் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. பனிக்கட்டியைக் காத்தவை மரத்தூளும் அதில் அடைபட்ட காற்றுமே. எனினும், கிடங்கின் சுவர் எத்துணைப் பருமனாயினும் கதவு திறக்கும்போதெல்லாம் வெப்பம் புகுந்தது. அரணின் வலிமை அதன் வாயிலைப் பொறுத்தது என்பது போருக்கு மட்டும் உரிய நீதியன்று.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி ஓடிற்று. வண்டி வந்ததும் வெயிலின் துன்பமும் கூடவே வந்தது. நாட்டின் பல பாதைகளில் முதல் வகுப்புப் பெட்டிகளின் பலகணிகளில் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டி நீர் தெளித்தனர். 1934-இல் பிராண்டியர் மெயில் வண்டியில் பெட்டியின் அடியில் பனிக்கட்டிப் பாளங்களை வைத்து, அவற்றின்மேல் தவழ்ந்த காற்றை உள்ளே செலுத்தினர். குளிர்ந்த காற்று வெளியேறாதிருக்கக் கதவும் பலகணியும் இறுக மூடவேண்டியிருந்தது. இவ்வாறு, கதவின் விளிம்பைக் கவனிக்கும் பழக்கம் வளர்ந்தது.

இனி ஓசைக்கு வருவோம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேச்சு எதிரொலியில் மூழ்கிப்போயிற்று. அதனைச் சீர்திருத்தும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் பேராசிரியருக்குக் கிடைத்தது. இரவின் அமைதியில் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஓசை எத்தனை நொடியில் மடிகிறது என்று அளந்தார். மென்மையான பொருள் ஓசையை உண்கிறது என்பதற்கு எண்ணளவில் கணக்கு தந்தவர் அவரே.

இங்கே மாணவர் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். அறைக்குள் எழும் ஓசையை உண்பது வேறு. வெளியோசையை உள்ளே விடாமல் நிறுத்துவது வேறு. முன்னதற்குப் பஞ்சு போதும். பின்னதற்கு எடை வேண்டும். கதவின் எடையை இருமடங்காக்கினால் ஊடுருவும் ஓசை ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஆனால் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், கதவு எவ்வளவு கனமாயினும் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. ஆரணி வீட்டுக் கதவு தோற்ற காரணம் இதுவே. அதன் இடுக்கு அனலுக்குச் சிறியது; ஓசைக்கோ அது ராஜபாட்டை.

சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் எழும்பூரில் தொடங்கிற்று. இத்தகைய நிலையங்களின் ஒலிப்பதிவு அறைக்கு ஒரு கதவன்று, இரு கதவுகள். இரண்டிற்கும் நடுவே ஒரு சிறு இடைவழி. ஒன்று மூடிய பின்னரே மற்றொன்றைத் திறப்பது வழக்கம். நான் இப்பொழுது பேசும் அறையும் அவ்வாறே அமைந்தது. கதவின் கனம் ஓசையை நிறுத்துகிறது. விளிம்பில் ஒட்டிய ரப்பர் இடுக்கை அடைக்கிறது. சுவரின் மென்பரப்பு எதிரொலியை உண்கிறது.

இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடம் வீடாக மாறிய வேன். 1951-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா நிறுவனத்தார் வோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் அமைத்து விற்றனர். இன்று நம் நாட்டு இளைஞரும் வேனை வீடாக்கி ஊர் சுற்றுகின்றனர். அவ்வீட்டின் சுவர் மெல்லிய இரும்புத் தகடு. வெயிலில் காய்ந்து, மழையில் முரசாகி, ஓடும்போது அதிரும். அதிலும் நலிந்த உறுப்பு கதவே. ஏனெனில் அதன் வயிறு வெற்றிடம்.

அதனைச் செப்பனிட ஒரு முறை உண்டு. உள்பலகையைக் கழற்றி, வெளித்தகட்டின் உட்புறத்தில் கனமான ரப்பர்த் தாளை அழுத்தி ஒட்டினால் அதிர்வு அடங்கும். அதன்மேல் நீர் உறிஞ்சாத நுரைத்தாளை ஒட்டினால் வெப்பம் தடைபடும். கண்ணாடி இறங்கும் வழியை விட்டு, உள்தகட்டின் துளைகளை மூடவேண்டும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைக்கலாகாது. கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் அவ்வழியேதான் வெளியேறும். அதனை அடைத்தாலும், பஞ்சைத் திணித்தாலும் நீர் தங்கித் தகடு துருப்பிடிக்கும். முடிவில் சுற்றிலும் ரப்பர் பீடிங். தேய்ந்த பீடிங்கை மாற்றாமல் மற்றவற்றுக்குச் செலவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பது போன்றது.

இது உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் உரிய கலை என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்கும் ஊர்திகள் பல நாடுகளில் ஊர் ஊராகச் செல்கின்றன. அதன் கதவில் விரற்கடை இடுக்கு இருந்து சந்தை இரைச்சல் உள்ளே வந்தால், மெல்லொலி குழந்தையின் காதில் விழாது. நன்றாகக் கேட்கும் குழந்தை செவிக்குறை உடையதாகப் பதிவு பெறக்கூடும். ஒரு ரப்பர்ப் பட்டையின் குறை, ஒரு பெற்றோரின் கண்ணீராகிவிடும்.

வைக்கோல் பரப்பிய வண்டிக்காரர், மரத்தூள் நிரப்பிய வணிகர், மெத்தை சுமந்த பேராசிரியர் ஆகியோர் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் தெளிவானது. வெப்பத்துக்கு அசையாத காற்று, ஓசைக்கு எடை, இரண்டுக்கும் இடுக்கில்லாத விளிம்பு. பகை இன்னதென்று அறிந்து அதற்கேற்ற தடையைத் தேர்வதே அறிவு. எதையும் கட்டத் தொடங்குமுன், மாணவ நண்பர்களே, சுவரின் பருமனைக் கண்டு மகிழ்ந்து நின்றுவிடாமல் கதவின் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.