மூன்று வருஷம் பிந்திய காமிரா

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதில் முழுசாக இருந்தபோது எப்படி இருந்தது என்று காட்ட நம்மிடம் ஒரு போட்டோ கிடையாது. இருக்கவும் முடியாது. கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டிய கும்பினி இஞ்சினீயர்கள் மதிலைப் பெயர்த்துக் கல்லை அள்ளிக்கொண்டு போன வருஷம் 1836. பாரிஸ் நகரத்தில் டாகேர் என்பவர் வெள்ளித் தகட்டில் உருவம் பிடிக்கும் வித்தை உலகத்துக்கு வெளியான வருஷம் 1839. மூன்றே வருஷம்! ராஜேந்திர சோழன் எழுப்பி எண்ணூறு வருஷம் நின்ற சுவர் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கக் கூடாதா? நின்றிருந்தாலும் டாகேரின் பெட்டி மறுநாளே ஜெயங்கொண்டத்துக்கு மாட்டு வண்டியில் வந்து இறங்கியிருக்காது என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

பக்கத்துத் தஞ்சாவூருக்குக் காமிராவோடு வந்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாள கேப்டன். சென்னை சர்க்காரின் போட்டோகிராபர் என்ற உத்தியோகத்தில் இருந்தவர். 1858-ல் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு தோய்த்த காகிதம்தான் அவருக்கு நெகடிவ். ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் அடி நீளம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை இருபத்தொரு படமாக எடுத்து, ஒட்டவைத்து, பத்தொன்பது அடிச் சுருளாக்கினார் மனுஷன். 1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன் துரைக்கு இதெல்லாம் ஆடம்பரச் செலவாகப் பட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டார். கல்லைப் பெயர்க்கப் பணம் இருந்தது. கல்லைப் படம் எடுக்கத்தான் இல்லை.

டிரைப் எப்படிப் பார்த்துப் படம் எடுத்தார்? காமிராவின் முதுகில் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு அதில் பார்க்க வேண்டும். கோபுரம் தலைகீழாகத் தொங்கும். சரி பார்த்ததும் லென்சை மூடி, கண்ணாடி இருந்த இடத்தில் காகிதம் உள்ள சட்டத்தைச் செருக வேண்டும். அவ்வளவுதான், பார்வை போயிற்று. மூடியைத் திறந்து படம் விழுகிற நேரத்தில் படம் எடுப்பவருக்குக் காமிராவில் ஒன்றுமே தெரியாது. அந்தக் குருட்டு நிமிஷத்தை எப்படி ஒழிப்பது என்பதுதான் பிறகு வந்த வியூபைண்டர்களின் கதை.

என் மாமா 1960-களில் அரியலூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் இருந்தார். அங்கேயும் மூன்று கால் மரக் காமிராதான், கறுப்புத் துணிதான். கல்யாண ஜோடிகளைத் தலைகீழாகவே பார்த்துப் பழகியவர். "தலைகீழாப் பார்த்தாத்தான் மாப்பிள்ளை, ஆள் எங்கே சாய்ஞ்சிருக்கான்னு தெரியும். நேராப் பார்த்தா மூஞ்சி மயக்கிடும்" என்பார். அவர் சொன்னது தொழில் ரகசியம் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

இடையில் நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1929-ல் ஜெர்மனியின் ரோலிபிளெக்ஸ் வந்தது. மேலேயிருந்து குனிந்து பார்த்தால் உருவம் நிமிர்ந்து நிற்கும், ஆனால் இடம் வலமாகும். 1949-ல் டிரெஸ்டன் நகரத்துக் காண்டாக்ஸ் எஸ், ஐந்து முகப் பட்டகம் ஒன்றை வைத்து, கண்ணுக்கு நேராகவும் இடம் வலம் மாறாமலும் காட்டியது. அதிலும் விசையை அமுக்கினால் உள்ளே கண்ணாடி எகிறி, இருட்டு. 2008-ல் பானசானிக் ஜி1 என்ற காமிரா அந்தக் கண்ணாடியையே எடுத்தெறிந்தது. லென்ஸ் வாங்கும் வெளிச்சத்தை உணர்கருவி மின்சாரமாக்கி, கண் வைக்கும் துளைக்குள் ஒரு குட்டித் திரையில் படமாகக் காட்டியது. 2017-ல் வந்த சோனி ஏ9-ல் தொடர்ந்து படம் எடுக்கும்போதுகூட இருட்டு இல்லாமல் பார்க்க முடிந்தது. டிரைப்புக்குத் தெரியாமல் போன நிமிஷம் தெரிய நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஆனால் புதிய விஷயம் ஒன்று நுழைந்துவிட்டது. துளைக்குள் நாம் பார்ப்பது கல்லை அல்ல; கல்லைப் பற்றிக் காமிரா சொல்வதை.

போன தை மாதம் மாமாவையும் அழைத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போனேன். புதுக் காமிரா. துளையில் கண் வைத்தால் எல்லாம் மங்கல். லென்ஸ் கோளாறு என்று கடைக்காரரை மனசுக்குள் வைதேன். கோளாறு என்னிடம்! நாற்பத்தைந்து வயசில் வெள்ளெழுத்து வராமல் என்ன வரும்? துளைக்குப் பக்கத்தில் பொடி சக்கரம் ஒன்று இருக்கிறது. கண்ணின் பவருக்கு ஏற்பத் திருப்புவதற்கு. அதைத் திருப்பும்போது சிற்பத்தைப் பார்க்கக் கூடாது, திரையின் ஓரத்தில் மின்னும் எண்களைப் பார்க்க வேண்டும். சிற்பம் மங்கலாயிருந்தால் லென்சும் காரணமாயிருக்கலாம், கண்ணும் காரணமாயிருக்கலாம். எண்கள் மங்கலாயிருந்தால் கண் மட்டுமே காரணம்.

அடுத்தது பிரகாசம். உச்சி வெயிலில் துளைக்குள் மங்கித் தெரிந்ததால் திரையின் வெளிச்சத்தைக் கையால் ஏற்றி வைத்தேன். வடக்கு வாசற்படி ஓரத்தில், சண்டேசுவரருக்குச் சிவபெருமான் தலையில் மாலை சுற்றும் அந்தச் சிற்பம் துளைக்குள் ஜ்வலித்தது. அதை நம்பி அளவைக் குறைத்துக் குறைத்து எடுத்தேன். வீட்டில் போய்ப் பார்த்தால் அத்தனையும் கரி. நான் ஏற்றியது திரையின் வெளிச்சத்தை. படத்தின் வெளிச்சத்தை அல்ல. பிரகாசத்தை நடு அளவில் நிறுத்தி, வெளிச்சத்தின் அளவைக் காட்டும் கோட்டுப் படத்தைப் பார்த்து எடுத்திருக்க வேண்டும். மாமா சொன்ன மூஞ்சி மயக்கம் இதுதான் போலும்.

இது வீட்டில் தெரிந்த சங்கதி. கோயிலில் இருந்தவரை நான் ஏக சந்தோஷத்தில் இருந்தேன். மாமா கையை நீட்டினார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தவர்; எண்பது தாண்டியாயிற்று. துளையில் கண் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தைக் காட்டினேன். மெதுவாகத் திருப்பினார். பிறகு காமிராவைச் சிற்பத்திலிருந்து விலக்கி, மதில் முக்கால்வாசி இல்லாமல் வெறும் புல்லும் வானமுமாய்க் கிடந்த பக்கம் கொண்டுபோய் வெகு நேரம் வைத்திருந்தார்.

"எல்லாம் நல்லாத் தெரியுது மாப்பிள்ளை. தலைகீழாக் காட்டுறதுக்கு இதிலே வழி உண்டா?" என்றார்.

நான் பட்டியல் பட்டியலாகத் தேடிப் பார்த்தேன். என் காமிராவில் இல்லை. காமிராவைத் திரும்ப வாங்கினபோது எண்கள் மறுபடி மங்கலாகத் தெரிந்தன. சக்கரம் அவர் கண்ணுக்கு நின்றிருந்தது.