வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது

எங்கள் கொங்கு நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தால் அதை எடுத்து மாடத்தில் வைப்பார்களே தவிர, கல்யாணத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். கல்யாண வீட்டுக்காரரும் அவர் சம்சாரமும் நேரில் வர வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைக் கையில் கொடுத்து, "கட்டாயம் குடும்பத்தோட வந்துறோணுமுங்க" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அது அழைப்பு. என் பெரியப்பா ஒருவர் மிகவும் நெருங்கிய பந்துவின் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிட்டார். "ஒரு எட்டு வந்து சொல்ல முடியாதவன் ஊட்டுல எனக்கென்ன வேலை?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நாளில் அதை வீண் வீம்பு என்று நினைத்தேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய வெகு காலம் ஆயிற்று.

போன வருஷம் நானும் ஐந்தாறு நண்பர்களும் சேர்ந்து காந்திபுரத்தில் ஒரு சிறு காரியம் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை படித்துக் காட்டுவது. பெரியவர்களுக்குக் கல்வி உதவித் தொகை, தொழிற்பயிற்சி இவற்றுக்கு மனு எழுதிக் கொடுப்பது. இவ்வளவுதான் விஷயம். நோட்டீஸ் அச்சடித்தோம். பஸ் நிலையத்துச் சுவர்களிலும், டீக்கடைகளிலும், கிராஸ்கட் ரோட்டிலும் ஒட்டினோம். அடியில், 'அனைவரும் வருக. அனுமதி இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம்.

முதல் ஞாயிறு நாங்கள் வந்தோம். எங்கள் வீட்டுக் குழந்தைகள் வந்தார்கள். வேறு யாரும் வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் அப்படியே. பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் நாலு சந்து தள்ளித் துப்புரவுப் பணியாளர்களின் குடியிருப்பு இருக்கிறது. அவர்களை நினைத்துத்தான் இந்தக் காரியத்தையே ஆரம்பித்தோம். "இவர்களுக்கெல்லாம் அக்கறையே கிடையாது ஐயா!" என்றார் நண்பர் ஒருவர். நானும் தலையை ஆட்டினேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் பஸ் நிலையத்துப் பக்கம் போனேன். ஓர் அம்மாள் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் குப்பைக் கூடையில் எங்கள் நோட்டீஸ் நாலைந்து கிடந்தது. "ஏம்மா, இதைப் படித்தீர்களா?" என்று கேட்டேன்.

"பாப்பா படிச்சுச் சொல்லுச்சுங்க சார்" என்றாள்.

"பின்னே ஏன் அனுப்பவில்லை?"

அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எல்லாரும்னு போட்டிருக்குதுங்க. எல்லாரும்னா எங்களையுஞ் சேத்தித்தானுங்களா சார்?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. 'ஆம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அவளுடைய கேள்வி மட்டுமல்ல, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கேள்வி என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றிவிட்டது. என்றோ படித்து மறந்திருந்த ஒரு புஸ்தகமும் ஞாபகத்துக்கு வந்தது.

இரட்டைமலை சீனிவாசன் என்ற பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். செங்கற்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் 1859-ம் வருஷம் பிறந்தவர். அவர் படித்தது எங்கள் ஊரில் என்பது பலருக்குத் தெரியாது. 1939-ல் வெளிவந்த தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அந்த நாட்களைப் பற்றி அவர் கொஞ்சமாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கொஞ்சமே போதும். கோயம்புத்தூர்க் கலாசாலையில் அப்போது சுமார் 400 மாணாக்கர்கள். அவர்களில் 10 பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். இந்தப் பையனோ தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவன். தன் ஜாதி தெரிந்துவிடுமோ, உறவினர்கள் யார், வீடு எங்கே என்று எவராவது விசாரித்துவிடுவார்களோ என்று அவனுக்கு ஓயாத பயம். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவான். வகுப்பு முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவான். விளையாட்டும் கிடையாது, சிநேகமும் கிடையாது.

கலாசாலை அவனை உள்ளே விட்டது. பாடம் சொல்லிக் கொடுத்தது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவன் அந்தக் கதவைத் திருட்டுத்தனமாகத் தாண்டுகிறவனைப் போல் தாண்ட வேண்டியிருந்தது. கதை எழுதுகிறவனாகிய எனக்கு, மணியின் ஓசைக்காக வெளியே காத்திருக்கும் அந்தப் பையனை மறக்க முடிவதில்லை.

அவர் பிற்பாடு நீலகிரியில் ஆங்கில வியாபாரக் கம்பெனிகளில் கணக்கராக வேலை பார்த்தார். 1890-ல் சென்னைக்குப் போனார். 1893-ல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று கோயம்புத்தூர்த் தெருக்களில் ஓட்டமும் நடையுமாகப் போனாரோ, அந்தப் பெயரையே தலைப்பில் அச்சிட்டு மாகாணம் முழுவதும் அனுப்பினார். இதற்கு எத்தனை மனோதிடம் வேண்டும்! பிறகு கடல் கடந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போய், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். தாயகம் திரும்பிய பின் 1923-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் ஆனார்.

நியமனம் என்று சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. 1920-ல் மாகாணத்தின் ஜனத்தொகை 4 கோடிக்கு மேல். ஓட்டுரிமை பெற்றவர்களோ சுமார் 12½ லட்சம் பேர்தாம். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. ஒரு குழி நிலம்கூட இல்லாதவர்களின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஆகவே சர்க்கார் பார்த்துச் சிலரை நியமித்தது. அப்படி வந்தவர்களில் எங்கள் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். வீரையனும் ஒருவர். இன்று இந்த ஊரில் பத்துப் பேரை நிறுத்தி அவர் பெயரைக் கேட்டால் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

1924-ம் வருஷம் சீனிவாசன் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானத்தின் சாரம் இதுதான்: பொதுச் சாலையிலோ தெருவிலோ பாதையிலோ எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொதுக் காரியங்கள் நடைபெறும் கட்டிடம் இவற்றை மற்ற ஜனங்கள் எப்படி உபயோகிக்கிறார்களோ அப்படியே இவர்களும் உபயோகிக்கலாம். சபை ஏற்றுக்கொண்டது. பனகல் அரசர் முதல் மந்திரியாக இருந்த காலம் அது. 1924 செப்டம்பர் 25-ம் தேதி அரசாங்க உத்தரவாகவும் அது வெளிவந்தது.

யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது அல்லவா? பொதுத் தெரு பொதுவானது என்று சொல்ல ஒரு சட்டசபை கூட வேண்டியிருந்தது! அதே 1924-ல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. அன்றைய கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த ஈரோட்டிலிருந்து பெரியார் அங்கே போய் இரண்டு முறை சிறை சென்றார். அதே 1924-ல் எங்கள் பீளமேட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளி தோன்றியது. அதற்கு வைத்த பெயர் 'சர்வஜன'. பூ.சா. கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் சொத்தை ஐந்தாகப் பங்கிட்டுத் தருமத்தையே ஐந்தாவது சகோதரனாக வைத்து, 1926-ல் 2,01,000 ரூபாய் ஒதுக்கிய கதை ஊரறிந்தது. சர்வஜனங்களுக்கும் என்று பள்ளிக்கூட வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அதிலிருந்தே அந்தக் காலத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

உத்தரவு பிறந்துவிட்டது. தெரு திறந்துவிட்டதா? இல்லை. உத்தரவை மீறித் தடுப்பவனுக்கு என்ன தண்டனை என்று அதில் சொல்லவில்லை. இதைக் கண்டுகொண்டவர் எங்கள் ஊர் வீரையன். தடுப்பவர்களுக்கு அபராதம் விதிக்கும்படி ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தைத் திருத்த அவர் மசோதா கொண்டுவந்தார். 1926-ல் அது சட்டமாயிற்று. சீனிவாசன் கதவைக் காட்டினார் என்றால், வீரையன் அந்தக் கதவை அடைக்கிறவன் கையைப் பிடித்தார்.

அதன் பிறகும் பாருங்கள், ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியாகப் போராட வேண்டியிருந்தது. பஸ் வந்தது, சில பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் 1930-ஐ ஒட்டிய வருஷங்களில், அப்படி மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று கண்டிப்பு செய்த பிறகே ஏற்றினார்கள். 1934-ல் ஹரிஜன யாத்திரையாகக் காந்தியடிகள் கோயம்புத்தூருக்கு வந்தார். அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்தியாலயத்துக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் அஸ்திவாரக் கல் நாட்டினார். கோயில் கதவுகளுக்கோ 1947-ம் வருஷத்துச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீனிவாசன் அதைப் பார்க்க இல்லை. 1945-லேயே காலமாகிவிட்டார்.

காந்தியடிகளின் பெயர் தாங்கிய எங்கள் பேட்டையில் இன்று அந்தத் தடைகள் ஒன்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1974-ல் திறந்த மத்தியப் பஸ் நிலையத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. 2022-ல் கோவை மாநகராட்சியில் முதன்முதலாக ஒரு பெண் மேயர் நாற்காலியில் அமர்ந்தார். இவை எல்லாம் மெய். சீனிவாசனும் வீரையனும் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

ஆனாலும் அந்த அம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாளே! அவளுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை. தடுக்காமல் இருப்பதே அழைப்பு ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டது என் தவறு. சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கே நேரில் வந்து அழைக்காவிட்டால் போகாத ஊர் இது. பல தலைமுறையாக 'வராதே' என்று கேட்டே பழகிய ஜனங்கள், சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துவிட்டு ஓடி வர வேண்டும் என்று எதிர்பார்த்தோம். என் பெரியப்பாவுக்கு இருந்த ரோஷத்தில் பாதியாவது அவர்களுக்கு இருக்கக் கூடாதா?

அந்த வாரம் நாங்கள் நோட்டீஸ் ஒட்டவில்லை. என் சம்சாரத்தையும் அழைத்துக்கொண்டு நாலு சந்து தள்ளி இருக்கும் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். இன்னொரு வீட்டில் டீ கொடுத்தார்கள், குடித்தோம். அந்த அம்மாள் வீட்டில் மட்டும் கொஞ்ச நேரம் அதிகம் உட்கார்ந்தோம். "பாப்பாவை அனுப்பி வையுங்க. நீங்களும் வரோணுமுங்க" என்று என் சம்சாரம் சொன்னாள். "வாரோமுங்க அக்கா" என்றாள் அவள். வெற்றிலை பாக்கு ஒன்றுதான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு குழந்தைகள் வந்தார்கள். நாலைந்து தாய்மாரும் வந்திருந்தார்கள். அந்த அம்மாளும் வந்தாள். அவள் பெண் மட்டும் உள்ளே வரவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் உட்கார்ந்து, கதை ஆரம்பமான பிறகுதான் மெல்ல வந்து, வாசற்படிக்கு அருகே கடைசியாக உட்கார்ந்தாள். கதை முடிந்ததும் சட்டென்று எழுந்து போய்விட்டாள்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. பெயரும் ஊரும் வேறு. கிட்டத்தட்ட நூற்றைம்பது வருஷம் கழிந்துவிட்டது. ஆனால் மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்த அந்தப் பையனை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு நான் கதை படிக்கவில்லை. என் இடத்தை அவளிடம் கொடுத்து, "நீ படி கண்ணு" என்றேன். முதல் பக்கம் முழுவதும் குரல் வெளியே வரவில்லை. இரண்டாவது பக்கத்தில் ஒரு குழந்தை, "சத்தமாப் படிக்கா!" என்று கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு நன்றாகவே படித்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் எனக்கு முன்னால் அவள் வந்துவிடுகிறாள். தாழ்வாரத்தைத் திறக்கும் சாவியையும் அவளிடமே கொடுத்திருக்கிறோம்.